ஷட்டரும் மோஷன் பிளரும்: எடிட்டிங்கில் அசைவை அளந்து சரிசெய்யும் வழி

உச்சி வெயிலில் போனில் எடுத்த சிலம்ப வீடியோ ஒன்றை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒரு ஃபிரேமில் பத்து மணி திசையில் கூர்மையான ஒரு தடி. அடுத்ததில் பதினோரு மணி திசையில் அதே கூர்மையோடு இன்னொரு தடி. இடையில் ஒன்றுமே இல்லை. ஓடவிட்டால் தடி சுழலவில்லை, தத்தித் தத்திப் போகிறது. அதே ஆட்டத்தை நேரில் பார்த்தவர் கண்ணுக்கு அங்கே ஒரு விசிறி விரிந்திருக்கும். "எடிட்டிங்கில் கொஞ்சம் பிளர் போட்டுக் கொடுங்க" என்று என்னிடம் வரும் கிளிப்புகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

பிளர் போடுவது சுலபம், எந்த மென்பொருளிலும் இரண்டு கிளிக். எவ்வளவு போடுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. ஸ்லைடரை இழுத்துக்கொண்டே போய், கண்ணுக்குப் பிடித்த இடத்தில் விட்டுவிட்டால், ஒரு ஷாட் மெழுகு போலவும் அடுத்த ஷாட் கத்தி போலவும் வந்து நிற்கும். கிளிப்பில் ஏற்கெனவே எவ்வளவு இழுவை, அதாவது அசையும் உருவம் நீண்டு மங்கும் மோஷன் பிளர், இருக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். அப்புறம் குறைவதை மட்டும் சேர்க்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த அளவைப் பற்றியதுதான்.

கோணத்தில் யோசிக்கப் பழகுங்கள்

ஃபிலிம் கேமராவுக்குள் ஷட்டர் என்ற ஒரு வட்டத் தகடு சுழலும். அதில் வெட்டி எடுத்த பகுதி ஃபிலிமுக்கு நேராக வரும்போது மட்டும் வெளிச்சம் உள்ளே விழும். பாதி வட்டம் வெட்டியிருந்தால் 180 டிகிரி. அதாவது, ஒரு ஃபிரேமுக்குரிய நேரத்தில் சரிபாதி ஷட்டர் திறந்திருக்கிறது. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் சுழலும் தகடு கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது, எடிட்டிங் மென்பொருட்களும் அதே மொழியில்தான் பேசுகின்றன.

சூத்திரம் ஒன்றே ஒன்று. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை 360-ஆல் பெருக்கி, அதை ஷட்டர் நேரத்தால் பெருக்கினால் கோணம் கிடைக்கும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்றால் 180 டிகிரி. அதே 25 ஃபிரேமில் ஷட்டர் 1/100 என்றால் 90. வெயிலில் போன் தானாக 1/1000-க்குப் போய்விட்டால் வெறும் 9 டிகிரி.

சிலம்பத்துக்கே வருவோம். தடி நொடிக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். 25 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தடி 28.8 டிகிரி நகர்கிறது, கடிகாரத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேர இடைவெளி. ஷட்டர் 1/50 ஆக இருந்திருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் தடி 14.4 டிகிரிக்கு விசிறியாக விரிந்திருக்கும். 1/1000-ல் அது 0.72 டிகிரிதான். கண் எதைத் தேடி ஏமாறுகிறது என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

180 என்பது வேதவாக்கு அல்ல. நம் கண்ணுக்குப் பழகிய இடம், அவ்வளவுதான். 1998-ல் வந்த சேவிங் பிரைவேட் ரயான் படத்தின் கடற்கரைச் சண்டையில் ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி 45, 90 டிகிரி ஷட்டரை வேண்டுமென்றே வைத்தார். தெறிக்கும் மண்ணும் நீர்த்துளியும் தனித்தனியாகக் குத்துவது அதனால்தான். எதிர்த்திசையில், 2012-ல் நொடிக்கு 48 ஃபிரேமில் வந்த ஹாபிட் படத்துக்கு 270 டிகிரி, அதாவது 1/64. ஃபிரேம் கூடியதால் ஒவ்வொன்றிலும் இழுவை குறைந்துபோகும். அதை ஈடுகட்டக் கோணத்தை அகலமாக வைத்தார்கள். எதற்காக என்று தெரிந்து மாற்றினால் எந்தக் கோணமும் சரிதான்.

படி 1: முடிந்தவரை கேமராவிலேயே முடித்துவிடுங்கள்

எடிட்டிங் வழிகாட்டியில் இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கேமராவில் பதிவான இழுவைக்கு ஈடாக எந்த எஃபெக்டும் வராது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. 25 ஃபிரேம், 1/50 என்று வைத்துவிட்டால் 180 டிகிரியும் கிடைக்கும், விளக்கின் மினுக்கலும் தெரியாது. 24 ஃபிரேமில்தான் வேண்டும் என்றால் கோணத்தை 172.8 ஆக வையுங்கள், அது சரியாக 1/50. பல போன்கள் தொடக்கத்திலேயே 30 ஃபிரேமில் இருக்கும். அதில் 1/60 வைத்தால் மண்டபத்து விளக்கில் படம் துடிக்கும். 30-லேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால் 1/50 வையுங்கள். 216 டிகிரி வரும், குறை சொல்ல முடியாது.

வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடுமே? அதற்குத்தான் என்டி ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-ல் 1/50-க்கு அபர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், எஃப் 22 என்ற சின்ன அளவில் தேவைப்படும். நீங்கள் எஃப் 2.8-ல் எடுக்க நினைத்தால் 22, 16, 11, 8, 5.6, 4, 2.8 என்று ஆறு படி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அந்த ஆறு படிதான் என்டி 64. பெரும்பாலான போன்களில் அபர்ச்சரை மாற்றவே முடியாது. ஃபில்டர் இல்லாவிட்டால் ஷட்டர்தான் வேகமெடுக்கும். கிளிப் போட்டு மாட்டும் சின்ன ஃபில்டர் ஒன்றும், பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலி ஒன்றும் இருந்தால் போனிலேயே ஷட்டரைக் கோணத்தில் பூட்டிவிடலாம்.

படி 2: கையில் வந்த கிளிப்பை அளந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எடுத்தவரிடம் ஷட்டர் என்ன என்று கேட்டால் "ஆட்டோ" என்பார். கோப்புக்குள்ளும் பெரும்பாலும் அந்தத் தகவல் இருக்காது. பரவாயில்லை, படத்திலேயே இருக்கிறது.

கிளிப்பில் சீரான வேகத்தில் குறுக்கே போகும், தெளிவான விளிம்புள்ள ஒரு பொருளைத் தேடுங்கள். பைக்கின் ஹெட்லைட், நெற்றிப் பொட்டு, மணிக்கட்டு வளையல் எதுவானாலும் சரி. 200 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். அது ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்கு எத்தனை பிக்சல் நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஃபிரேமில் அது எவ்வளவு நீளத்துக்கு இழுபட்டிருக்கிறது என்று பாருங்கள், பொருளின் சொந்த அகலத்தைக் கழித்துவிட்டு. இழுவையை நகர்வால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் அந்தக் கிளிப்பின் ஷட்டர் கோணம் வந்துவிடும். ஹெட்லைட் 60 பிக்சல் நகர்கிறது, 15 பிக்சல் இழுபட்டிருக்கிறது என்றால் கால்வாசி, அதாவது 90 டிகிரி.

கச்சிதமான எண் வேண்டாம். 10-ஆ, 90-ஆ, 180-ஆ என்று தெரிந்தால் போதும். 180 வேண்டும், இருப்பது 90 என்றால் இன்னும் 90 சேர்த்தால் போதும், தோராயமாகக் கூட்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே 180 உள்ள கிளிப்பில் மேலும் 180 போடுகிறவர்கள்தான் மெழுகு உருகியது போன்ற முகங்களை உண்டாக்குகிறார்கள்.

படி 3: நீங்களே நகர்த்தும் எழுத்து, படம், லோகோ

இங்கே மென்பொருளுக்கு அசைவு துல்லியமாகத் தெரியும். எந்த நேரத்தில் எந்த இடம் என்று குறிக்கும் கீஃபிரேம் நீங்கள் வைத்ததுதானே. ஆகவே பிளர் சுத்தமாக வரும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இரண்டு சுவிட்சுகள். லேயரில் ஒன்று, டைம்லைனின் தலைப்பில் ஒன்று. இரண்டும் ஆன் ஆகியிருந்தால்தான் பிளர் தெரியும். அளவு காம்போசிஷன் செட்டிங்ஸுக்குள், அட்வான்ஸ்டு பகுதியில் இருக்கிறது. அங்கே ஷட்டர் ஆங்கிள் 180 என்றும், ஷட்டர் ஃபேஸ் மைனஸ் 90 என்றும் இருக்கும். அந்த மைனஸ் 90-ஐப் புரிந்துகொள்ளுங்கள். இழுவை, பொருள் இருக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் சமமாக விழ வேண்டும் என்பதற்காகக் கோணத்தில் பாதியைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். கோணத்தை 360 ஆக்கினால் ஃபேஸை மைனஸ் 180 ஆக்குங்கள். மறந்துவிட்டால், டிராக் செய்து, அதாவது வண்டியின் அசைவைப் பின்தொடரவைத்து, ஒட்டிய லோகோ வண்டியின் கதவிலிருந்து கொஞ்சம் தள்ளி மிதந்துகொண்டே வரும். டிராக்கிங்தான் தப்பு என்று அரை நாள் தேடுவீர்கள்.

அதற்குக் கீழே மாதிரிகளின் எண்ணிக்கை, சாம்பிள்ஸ் பெர் ஃபிரேம். 16 என்றிருக்கும். முப்பரிமாண லேயரில் ஓர் எழுத்து ஒரு ஃபிரேமுக்கு 800 பிக்சல் பாய்கிறது என்றால் 180 டிகிரியில் இழுவை 400 பிக்சல். அதை 16 நகலாகப் பிரித்தால் 25 பிக்சலுக்கு ஒரு நகல். கண்ணுக்கு அது இழுவையாகத் தெரியாது, சீப்பின் பல் மாதிரி தெரியும். மாதிரியை 32, 64 என்று ஏற்றுங்கள். ரெண்டர் நேரம், அதாவது மென்பொருள் படத்தைக் கணக்கிட்டு முடிக்கும் நேரம், கூடும், வேறு வழியில்லை. இருபரிமாண லேயர்களுக்கு மென்பொருளே வேகத்தைப் பார்த்து மாதிரியைக் கூட்டிக்கொள்ளும்.

பிரீமியர் புரோவில் கிளிப்போடு வரும் மோஷன் கட்டுப்பாட்டுக்கு ஷட்டர் கோணம் கிடையாது. எஃபெக்ட்ஸில் டிஸ்டார்ட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மைப் போட்டு, கீஃபிரேமை அதற்குள் வையுங்கள். யூஸ் காம்போசிஷன்ஸ் ஷட்டர் ஆங்கிள் என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, கீழே 180 என்று எழுதுங்கள். டாவின்சி ரிசால்வில் ஃபியூஷன் பக்கத்துக்குப் போய் டிரான்ஸ்ஃபார்ம் நோடின் செட்டிங்ஸ் தாவலில் மோஷன் பிளரை டிக் செய்யுங்கள். குவாலிட்டி குறைவாக இருக்கும், 8 அல்லது 10-க்கு ஏற்றுங்கள். இலவசப் பதிப்பிலேயே இது உண்டு. பிளெண்டரில் ஷட்டர் 0.5 என்று இருந்தால் அதுதான் 180 டிகிரி.

வீடியோவின் மேல் ஓடும் எழுத்துக்கு, அடியில் இருக்கும் வீடியோவின் கோணத்தையே கொடுங்கள். 45 டிகிரி சண்டைக் காட்சியின் மேல் 180 டிகிரி எழுத்து ஒட்டாமல் தனியாக நிற்கும்.

படி 4: எடுத்து முடித்த வீடியோவில் பிளர் சேர்ப்பது

இங்கே மென்பொருளுக்கு அசைவு தெரியாது, ஊகிக்கிறது. முன்பின் ஃபிரேம்களை ஒப்பிட்டு, இந்தப் புள்ளி அங்கே போயிருக்கிறது என்று கணித்து, அந்தத் திசையில் இழுக்கிறது. ஆப்டிகல் ஃபுளோ என்பது இதுதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைம் வகைக்குள் பிக்சல் மோஷன் பிளர். ஷட்டர் கன்ட்ரோலை மேனுவல் ஆக்கிவிட்டு, படி 2-ல் கண்டுபிடித்த குறையைக் கோணமாக எழுதுங்கள். ரிசால்வில் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில், கலர் பக்கத்து மோஷன் எஃபெக்ட்ஸ் தட்டில் மோஷன் பிளர் இருக்கிறது. அதன் ஸ்லைடர் கோணத்தில் பேசாது. முதலில் சின்ன எண் வைத்து, இழுவையைப் பிக்சலில் அளந்துதான் நிறுத்த வேண்டும்.

ஓடும் ஆள், போகும் பேருந்து, கேமரா பேன் இவற்றுக்கெல்லாம் இது நன்றாக வேலை செய்யும். கம்பி வேலிக்குப் பின்னால் ஓடும் குழந்தை, குறுக்கே மறையும் கைகள், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள், பறக்கும் முடி என்று வந்தால் ஊகம் தப்பும். பின்னணியும் சேர்ந்து இழுபட்டு, விளிம்பில் ஜெல்லி மாதிரி நெளியும். அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது எல்லை வரைந்து பிரித்து, எஃபெக்டை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, பல ஷாட்களை ஒன்றாக ஏற்றுமதி செய்த ஒற்றைக் கோப்பின் மேல் இதைப் போடக் கூடாது. கட் விழும் இடத்தில் ஒரு முகத்தையும் அடுத்த ஷாட்டின் சுவரையும் பொருத்திப் பார்த்து ஒரு ஃபிரேமைக் கலங்கடித்துவிடும். முதலில் ஷாட் ஷாட்டாக வெட்டுங்கள்.

சரி, அந்தச் சிலம்பத் தடி? அதற்கு ஆப்டிகல் ஃபுளோ உதவாது. மெல்லிய குச்சி ஒரே தாவலில் 29 டிகிரி நகர்ந்தால், இதுதான் அது என்று மென்பொருளால் சேர்த்துப் பார்க்க முடிவதில்லை. நடுத் தடி கொஞ்சம் மங்கும், வேகம் அதிகமான நுனி உடைந்து துண்டாகத் தொங்கும். நான் செய்வது கைவேலை. ட்ரைபாடில் எடுத்த ஷாட்டாக இருந்தால், தடி இல்லாத ஃபிரேம்களிலிருந்து காலிப் பின்னணி ஒன்றைச் சேர்த்தெடுத்து, அதை வைத்து மூலத் தடியை அழித்துவிடுவேன். பிறகு ஒரு ஷேப் லேயரில் அதே நீளம், அதே தடிமனில் ஒரு கோடு. நிறத்தைத் தடியிலிருந்தே எடுத்துக்கொள்வேன், கைப்பிடி ஒரு நிறம், வெயில் பட்ட நுனி இன்னொரு நிறம். சுழற்சியின் மையமான ஆங்கர் பாயின்ட்டைத் தடியைப் பிடித்திருக்கும் கையில் வைத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் தடி இருந்த கோணத்துக்கு ரொட்டேஷன் கீஃபிரேம். எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும், 350-க்கு அடுத்து 19 அல்ல, 379. இல்லாவிட்டால் தடி திரும்பிச் சுற்றும். லேயரின் மோஷன் பிளரைப் போட்டதும் கோடு 14 டிகிரி விசிறியாக விரியும், ஊடே பின்னணியும் தெரியும். விரல்களை மாஸ்க் செய்து மேலே வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு நொடி ஷாட் என்றால் 50 ஃபிரேம். பொறுமை வேண்டும், ஆனால் அந்த வீச்சு திரும்பக் கிடைப்பதைப் பார்க்கும்போது அதற்குக் கொடுத்த நேரம் பெரிதாகத் தெரியாது.

படி 5: வேகத்தை மாற்றினால் கோணமும் மாறும்

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஸ்லோமோஷன் தேவைப்பட்டால் இருக்கட்டுமே என்று எல்லாவற்றையும் 100 ஃபிரேமில், 1/200-ல் எடுத்துவிடுவார்கள். மெதுவாக ஓட்டும்போது அது 180 டிகிரி, அழகு. ஆனால் அதே கிளிப்பை 25 ஃபிரேம் டைம்லைனில் சாதாரண வேகத்தில் ஓட்டினால் நான்கில் மூன்று ஃபிரேம் போய்விடும். மிஞ்சியது 25 ஃபிரேம், 1/200. அதாவது 45 டிகிரி. தாலி கட்டும் நேரத்தில் அட்சதை தூவும் கைகள் எல்லாம் வெட்டி வெட்டி நகர்வது இதனால்தான்.

இதற்கு மருந்து கிளிப்புக்குள்ளேயே இருக்கிறது. பிரீமியரில் டைம் இன்டர்போலேஷனை ஃபிரேம் சாம்பிளிங்கிலிருந்து ஃபிரேம் பிளெண்டிங்குக்கு மாற்றுங்கள். தூக்கி எறியப்பட்ட ஃபிரேம்களும் கலந்து வரும். மெதுவான அசைவுக்கு அது போதும். வேகமான கையில் தனித்தனி விளிம்புகள் தெரிந்தால், அதன் மேல் சிறிதளவு பிக்சல் மோஷன் பிளர்.

தலைகீழும் உண்டு. 25 ஃபிரேம், 1/50 கிளிப்பை ஆப்டிகல் ஃபுளோவில் நான்கு மடங்கு மெதுவாக்கினால், புதிதாக உருவாகும் ஃபிரேம்களுக்கு அந்த இழுவை 720 டிகிரி. அசைவு மெல்ல நகர, உருவம் மட்டும் நீண்டு குழைந்து கிடக்கும். இழுவையை நீக்கும் எஃபெக்ட் என்று எதையும் நம்பி இறங்காதீர்கள், ஷார்ப்பன் போட்டால் விளிம்பில் வெள்ளைக் கோடுதான் வரும். மெதுவாக்கப் போகிறோம் என்று தெரிந்தால் ஷட்டர் குட்டையாகவே இருக்கட்டும்.

படி 6: எதை முதலில், எதைப் பிறகு

ஸ்டெபிலைசேஷன் எப்போதும் பிளருக்கு முன்னால். நடந்துகொண்டே எடுத்த ஷாட்டில் ஆட்டத்தை நிறுத்திவிடலாம், ஆட்டத்தால் உண்டான இழுவையை நிறுத்த முடியாது. அசையாமல் நிற்கும் கோபுரம் திடீர் திடீரென்று மங்கித் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. ஸ்டெபிலைஸ் செய்யப் போகிற ஷாட்டையும், டிராக் செய்யப் போகிற ஷாட்டையும் 90 டிகிரிக்குக் குறைவாக எடுத்து, பின்னால் பிளர் சேர்ப்பது நல்லது. பச்சைத் திரைக்கும் இது பொருந்தும். இழுபட்ட விரல்களில் பச்சை கலந்துவிட்டால் கீ எடுப்பது, அதாவது பச்சையை நீக்குவது, பெரும்பாடு.

வரிசை இப்படி: நாய்ஸ் குறைப்பு, ஸ்டெபிலைசேஷன், கீ, அப்புறம் மோஷன் பிளர், கடைசியில் கிரெய்ன், அதாவது ஃபிலிமில் இருப்பது போன்ற பொடிப்புள்ளிகள். கிரெய்னை முன்னால் போட்டால் அதுவும் கோடு கோடாக இழுபடும்.

இரவுக் காட்சியில் விளக்குகள் இழுபடும்போது சாம்பல் நிறமாகச் சோர்ந்துபோனால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் புராஜெக்டை 32 பிட்டுக்கு மாற்றி, வொர்க்கிங் ஸ்பேஸை லீனியர் ஆக்குங்கள். கேமராவில் எடுத்தது போலவே ஒளிக்கோடு பளிச்சென்று நிற்கும், அந்த விளக்குகளின் பிரகாசம் வெள்ளையில் வெட்டுப்படாமல் பதிவாகியிருந்தால். ஒரு விஷயத்தை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ரயில் ஜன்னலிலிருந்து எடுத்த மின்கம்பங்கள் சாய்ந்து தெரிவது ரோலிங் ஷட்டர். சென்சார் வரி வரியாகப் படிப்பதால் வருவது. ஷட்டர் கோணத்தை எப்படி மாற்றினாலும் அது போகாது, அதற்கென்று தனி எஃபெக்ட் உண்டு.

படி 7: ஓடவிட்டுப் பாருங்கள்

பிளரை நிறுத்திவைத்து மதிப்பிடாதீர்கள். நிறுத்திய ஃபிரேமில் சரியான 180 டிகிரி எப்போதும் அதிகமாகத்தான் தெரியும், உடனே குறைக்கத் தோன்றும். வேலைப் பகுதியை முழுத் தரத்தில் ரெண்டர் செய்து, முழு வேகத்தில், பார்ப்பவர்கள் எந்தத் திரையில் பார்ப்பார்களோ அதில் ஓட்டுங்கள். போனில் பார்ப்பவர்களுக்கு என்றால் போனில். முன் ஷாட்டையும் பின் ஷாட்டையும் சேர்த்தே ஓட்டுங்கள், இழுவை தனியாக இருக்கும்போது தெரியாத வித்தியாசம் கட் விழும் இடத்தில் தெரிந்துவிடும். அங்கே இடறினால் திரும்பப் படி 2-க்குப் போய், இரண்டு ஷாட்டிலும் ஒரே மாதிரிப் பொருளை, ஒரு கையையோ ஒரு தடியையோ பிடித்து மறுபடி அளங்கள்.